துளசிமணியின் கண்ணோரத்து நூல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனில், ஒரு புதன்கிழமை மதியம், டீ வருவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது துளசிமணியின் வலது கண்ணோரத்திலிருந்து நூல் வர ஆரம்பித்தது. ஆரம்பித்த நூல் ஐந்து மாதமும் பதினொரு நாளும் நிற்காமல் வந்தது, அதை அவளோடு வேலை செய்கிற நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பார்த்துவிட்டு டீ குடித்தோம்.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நூல் எப்படி வந்தது என்றுதான் கேட்கிறார்கள். நூல் வருவதில் என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் சட்டைப் பையைத் திருப்பினால் நூல் வரும், தலை சீவினால் சீப்பில் நூல் வரும், சோற்றைப் பிசைந்தால் விரலில் நூல் வரும், தொட்டில் குழந்தை தும்மினால்கூட மூக்கிலிருந்து ஒரு இழை பறக்கும். அந்த நூலைத் துளசிமணி ஏன் அறுக்கவில்லை என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நான் அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன், பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.

துளசிமணிக்கு ஒரே பையன், பேர் பூபதி. அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக மூன்று பேரும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனார்கள். துளசிமணியின் வீட்டுக்காரர் ஆறுச்சாமி எல்லாருக்கும் முறுக்கு வாங்கக் கடைப் பக்கம் போக, துளசிமணி பாட்டிலில் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போக, அந்த இரண்டு நிமிஷத்தில் பையன் எதிரே நின்ற ரயிலில் ஏறிவிட்டான். அது ஈரோட்டில் நிற்காமல் நேரே வடக்கே போகிற ரயில். எதிலும் முந்தி ஏறி அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் பிடிக்கிற பையன், இதுதான் நம் வண்டி என்று நினைத்திருப்பான். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது, அவன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள், அப்புறம் ரயில் போய்விட்டது. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், பேப்பரில் போட்டார்கள், வடக்கே எந்தெந்த ஊருக்கோ போய்ப் பாஷை தெரியாமல் படத்தைக் காட்டித் திரிந்தார்கள். பையன் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் துளசிமணி தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, ஸ்டேஷன் வாசலுக்குப் போய் நிற்பாள். எங்கள் ஊர் கம்பெனிகளுக்கு வடக்கேயிருந்து பையன்கள் வேலைக்கு வர ஆரம்பித்த காலம் அது, ஒவ்வொரு ரயிலிலிருந்தும் மூட்டையும் பக்கெட்டும் சப்பாத்திக் கல்லுமாக நூறு பேர் இருநூறு பேர் இறங்கி வருவார்கள், அவர்கள் வருகிற வழியில் இவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். தேடப் போகிறவர்கள் பார்ப்பார்கள், துளசிமணி காட்டுவாள். அதுதான் அவள் தேடுகிற விதம்.

"அவனுக்குப் பேரு மறந்திருக்கும், ஊரு மறந்திருக்கும், பாஷயும் மறந்திருக்கும்," என்று பக்கத்து வீட்டு சுனிதாவிடம் சொல்வாள். சுனிதா பீகாரிலிருந்து வந்து எங்கள் லைன் வீட்டில் பத்து வருஷமாகக் குடியிருப்பவள், துளசிமணிக்குப் பக்கத்து மேசையில் பிசிறு வெட்டுபவள், தமிழை அவளிடமே கற்றுக்கொண்டவள். "ஆனாப் பெத்தவ மொகம் மறக்குமா? கடைசியா அவன் பாத்தது இந்த மொகத்தத்தானே. இத நான் அப்புடியே வெச்சிருக்கோணும். இதும் மாறிப் போச்சுன்னா எதெ வெச்சு என்னயக் கண்டுபுடிப்பான், சொல்லு?"

முகம் கொஞ்ச நாள் சொன்னபடி கேட்டது. நாற்பத்தைந்து வயது வரைக்கும் கேட்டது என்றே சொல்ல வேண்டும். அதற்கப்புறம், கறுப்புப் பனியனில் கறுப்பு நூல் பிசிறை ட்யூப் லைட் வெளிச்சத்தில் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்ததில், இரண்டு கண்ணோரமும் நாடா இழுத்த பாவாடை மாதிரி சுருங்கிவிட்டது. கற்றாழை தடவினாள், வெள்ளரிக்காய் வைத்தாள், உருளைக்கிழங்கு தேய்த்தாள், விளம்பரத்தில் வருகிற களிம்பு அத்தனையும் பூசினாள். ஐம்பத்தோராம் வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயிலிலிருந்து இறங்கிய ஒரு பையன் நேரே அவளிடம் வந்தான், அவள் முகத்தை இன்னும் தூக்கினாள், அவன் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டுவிட்டுப் போனான். போகும்போது 'தாதி' என்று சொன்னானே, அதற்கு என்ன அர்த்தம் என்று சுனிதாவிடம் கேட்டாள். சுனிதா மழுப்பிப் பார்த்து, முடியாமல், "அப்பாவுக்கு அம்மா, அக்கா. நீங்க ஆயான்னு சொல்லுவீங்களே, அது," என்றாள். துளசிமணி அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மொபைல் கடைக்கு மேல் மாடியில் டாக்டர் ரேணுகா ஒரு தோல் கிளினிக் வைத்திருந்தார். மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் நூல் செலுத்துவோம், அந்த நூல் சுருக்கத்தைப் பிடித்து நிறுத்தும், எட்டு மாதத்தில் கரைந்துவிடும், அதற்குள் தோல் தானாக இறுகிக்கொள்ளும் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"எத்தனாம் நம்பர் நூலுங்க?" என்றாள் துளசிமணி.

"இது அந்த மாதிரி நூல் இல்லம்மா. கரையற நூல்."

"கரையற நூலுங்களா? எங்க கம்பெனிக்கு அப்புடியொரு நூலு வந்துச்சுன்னா லாரியோட திருப்பி அனுப்பிப்போடுவாங்க."

டாக்டர் சிரித்தார். துளசிமணி சிரிக்காமல், பழைய கம்பெனி அடையாள அட்டைக்காக பையன் தொலைந்த வருஷம் எடுத்த படத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். "இதுல இருக்கற மாதிரியே வேணுமுங்க. இதுக்கு மேல அழகு வேண்டாம். கூட்டிப்போட்டீங்கன்னா எம் பையனுக்கு அடையாளம் தெரியாது."

அப்படி அழகு வேண்டாம் என்று சொன்ன ஒருவரை டாக்டர் அதுவரை பார்த்ததில்லையாம், பின்னால் எங்களிடம் சொன்னார். மரத்துப்போகிற களிம்பு தடவி, கண்ணுக்கு ஆறாக நூல் செலுத்தினார். ஒரு வாரம் வீங்கியிருந்தது, அப்புறம் வற்றியது, வற்றி முடிந்த அன்று லைன் வீட்டுக் குழாயடியில் நாங்கள் பார்த்தது இருபத்தெட்டு வயது துளசிமணியை. ஒருத்தி பெண் பார்க்க வரட்டுமா என்றாள், ஒருத்தி கல்யாணச் சாப்பாடு எப்போது என்றாள். பையன் போன நாளில் இருந்த முகம் எதிரே வந்து சோறு போட்டது, ஆறுச்சாமி சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். செக்கிங் பெண்களான எங்களுக்கு ஒரு வியாதி உண்டு, துணியில் தொங்குகிற நூலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் காலரில் பிசிறு எடுப்போம், கல்யாண மேடையில் ஆசீர்வாதம் செய்கிற சாக்கில் மாப்பிள்ளை சட்டையில் பிசிறு எடுப்போம், அம்மன் சந்நிதியில் பட்டுச் சேலை ஓரத்தைப் பார்த்துக் கை துறுதுறுக்க, கையைக் கட்டிக்கொண்டு கும்பிடுவோம். அதேபோல எங்களுக்கு ஒரு சட்டமும் உண்டு, வெட்டலாம், இழுக்கக் கூடாது. ஓவர்லாக் தையலுக்கு இரண்டு நுனி. ஒரு நுனியை இழுத்தால் ஒன்றும் ஆகாது, இன்னொரு நுனியை இழுத்தால் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். எது எந்த நுனி என்று புது ஆளுக்குத் தெரியாது, அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவோம்.

துளசிமணி முகம் கழுவப் போனாள், கண்ணாடியில் பார்த்தாள், வலது கண்ணோரத்தில் எறும்பின் கால் அளவுக்கு ஒரு நூல் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. நூல் வெட்டும் கத்திரி மேசையில் இருந்தது, கை கண்ணோரத்தில் இருந்தது. இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் உள்ளவள், எத்தனையோ பேருக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தவள், பிரிகிற நுனியைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

நூல் வந்தது. ஒரு முழம் வந்தது, பத்து முழம் வந்தது, அவள் கையை எடுத்த பிறகும் வந்தது. வலிக்கவில்லை, கண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு கூச்சம் வருமே அது மட்டும் இருந்தது என்றாள். சுனிதா நூல் சுற்றுகிற ஒரு வெறும் கோனை எடுத்து வந்து சுற்ற ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் வந்து இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்து, "நாப்பதாம் நம்பர் இருக்கும். முறுக்கு நல்லா இருக்குது," என்று சொல்லிவிட்டு, மேசையில் ஆள் இல்லாததைக் காட்டிச் சத்தம் போட்டார். ஷிப்ட் முடிவதற்குள் நான்கு கோன் நிரம்பிவிட்டது.

மறுநாள் காலையில் கோனில் ஒரு இழைகூட இல்லை. நூல் தானாகக் கிளம்பி, லைன் வீட்டு வாசலைத் தாண்டி, தெருக்கோடி டீக்கடையைத் தாண்டி, சாக்கடைப் பாலம் வழியாக ரயில்வே வேலியில் ஏறி இறங்கி, தண்டவாளத்தோடு சேர்ந்துகொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தது. யாரும் அதை இழுக்கவில்லை. வேலை நேரத்துக்குப் போகிற ஆள் மாதிரி அவசரமுமில்லாமல் சோம்பலுமில்லாமல் அது போனது.

முதல் வாரம் தண்ணி லாரிக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள், இரண்டாம் வாரம் லாரிக்கு லாரி ஒரு கவட்டைக் கம்பு வைத்துக்கொண்டு நூலைத் தூக்கிவிட்டு அடியில் போகப் பழகினார்கள், மூன்றாம் வாரம் கேபிள் டிவிக்காரர் தன் கம்பியோடு சேர்த்து அதையும் கொக்கியில் மாட்டி உயரத்தில் கட்டிக் கொடுத்தார். எந்த இலாகா இதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார், சுகாதாரத்துறை இது கம்பி என்றது, மின்வாரியம் இது துணி என்றது, துணிநூல் துறை இது கண் என்றது, அவர் எங்கள் தெருவில் ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். இஸ்திரிக் கடைப் பெண் ஒருநாள் கைக்குழந்தையின் துணியை நூலில் காயப்போட்டாள், கம்பெனியில் உட்கார்ந்திருந்த துளசிமணிக்குக் காரணமில்லாமல் தாரை தாரையாகக் கண்ணீர் கொட்டியது, விஷயம் தெரிந்ததும் ஈரத்துணி போடுவதில்லை என்று தெருவே முடிவு செய்தது. ஆடி மாதம் பட்டம் விடுகிற பிள்ளைகளை எதிர்த் திசைக்கு அனுப்பினோம். கம்பெனி முதலாளி அந்த நூலில் ஒரு சாம்பிள் பனியன் தைக்க ஆசைப்பட்டார், நூல் எந்த ஊசியிலும் நுழைய மறுத்தது. ஸ்டேஷனில், ஊருக்குப் போகிற வடக்கத்திப் பையன்கள் ரயில் ஏறும் முன் அந்த நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள், யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாது. பேப்பரில் தங்கம் விலைக்குக் கீழே ஒருநாள் படம் வந்தது, மறுநாள் அந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது. துளசிமணி ஜன்னலோரம் மேசையை மாற்றிக்கொண்டு, நூலை வெளியே விட்டபடி, தினமும் அதே எண்ணிக்கையில் பனியன் பார்த்தாள்.

ஆனால் முகம் போய்க்கொண்டிருந்தது. முதல் வாரத்தில் கண்ணோரச் சுருக்கம் திரும்பி வந்தது, ஒரு மாதத்தில் அவளுடைய சொந்த வயது வந்தது, அதோடு நிற்காமல் இரண்டாம் மாதம் அறுபது, மூன்றாம் மாதம் எழுபது என்று நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் மடிப்பு மடிப்பாக இறங்கியது. நூல் எதிலிருந்து வருகிறது என்று எங்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் புரிந்தது. அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த முகம்தான் பிரிந்து நூலாகப் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குப் போவதை நிறுத்திவிட்டாள், காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றாள்.

ஆறுச்சாமி அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார், துணைக்கு சுனிதாவும் நானும் போனோம். டாக்டர் கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டே பேசினார். "இப்பவே அறுத்து முடிச்சுப் போட்டா இதோட நிக்கும். புதுசா நூல் வச்சுப் பழைய முகத்தைக் கொண்டு வந்துடலாம். இன்னும் ரெண்டு மாசம் விட்டீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

துளசிமணி சுனிதாவின் பக்கம் திரும்பினாள். "வடக்க இருக்கற உங்கண்ணன் என்ன சொன்னான்? நூலு எது வரைக்கும் போயிருக்குதாம்?"

"நாக்பூர் தாண்டியாச்சு அக்கா. நேத்து வீடியோ அனுப்புச்சான்."

"நாக்பூர் தாண்டியாச்சுங்க," என்றாள் துளசிமணி டாக்டரிடம், தனக்கு ஏதோ நல்ல சேதி வந்தது போல.

ஆறுச்சாமிக்குப் பொறுக்கவில்லை. சாயப்பட்டறையில் முப்பது வருஷம் வேலை செய்து நகமெல்லாம் நீலமாகிப்போன மனிதர், சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. "பையனும் போயாச்சு. உன்னயும் நூலா உட்டுப்போட்டு நான் ஆரோட இருக்கறது? அவனே வந்தாலும் இந்த மொகத்தப் பாத்து ஆயான்னுட்டுப் போயிருவான். அறுத்துரு துளசி. உன்ர மொகம் இருந்தா அவன் என்னைக்காச்சும் வருவான்னு நீதானே சொன்னே?"

"மொகத்த வெச்சுக்கிட்டு இருவத்திமூணு வருசம் நின்னேனுங்க. அது ஒரு எட்டு நகரல," என்றாள் துளசிமணி. "இது போய்க்கிட்டிருக்குதுங்க. நான் போவாத ஊருக்கெல்லாம் போகுது. போறத எப்புடி அறுக்கறது?"

ஆறுச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி சொன்னார். "அன்னைக்கு முன்னால போய் ஏறி எடம் புடிடான்னு அவன்கிட்டச் சொன்னது நாந்தான். எந்த வண்டின்னு காட்டாம முறுக்கு வாங்கப் போயிட்டேன். உன்ர அந்த மொகத்தப் பாத்தா எனக்கு அதுதான் ஞாபகம் வருது."

இருபத்துமூன்று வருஷம் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. டாக்டர் கத்திரியைக் கீழே வைத்தார். துளசிமணி திட்டுவாள், எழுந்து போவாள், மயங்கி விழுவாள் என்று நான் எதையெதையோ நினைத்தேன். அவள், "அப்ப அவனுக்கு உக்கார எடம் கெடச்சிருக்கும்," என்றாள். "நின்னுக்கிட்டே போயிருப்பானோன்னு இத்தன நாளா வெசனப்பட்டுட்டு இருந்தனுங்க." அப்புறம் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். நூல் அறுபடாமல் பின்னாலேயே இறங்கி வந்தது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் சொச்சம் போனது. இட்டார்சி, ஜான்சி என்று சுனிதாவின் போனில் ஊர் ஊராகச் சேதி வந்தது. இங்கே துளசிமணிக்குத் தொண்ணூறு வயது வந்துவிட்டது. கை நடுங்கியது, பிசிறு கண்ணுக்குத் தெரியவில்லை, சூப்பர்வைசரே வெட்கப்பட்டுக்கொண்டு அவளை வீட்டிலிருக்கச் சொன்னார். லைன் வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, வடக்கே தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். அவளைக் கடந்து போகும்போது எங்களுக்கும் ஏக்கமாக இருக்கும், எதற்கென்று தெரியாமல் அவரவர் வீட்டில் இல்லாதவர்களை நினைத்துக்கொள்வோம்.

ஐந்து மாதம் முடிந்து பதினொன்றாம் நாள் காலை நூல் நின்றது. தொய்வாகக் கிடந்த நூல் தெரு நெடுக விறைத்தது, ஒரு தரம் இழுபட்டது. துளசிமணி கண்ணோரத்தைப் பொத்திக்கொண்டு, "ஆரோ புடிச்சுட்டாங்க," என்றாள். அப்புறம் வந்த நாட்களில் வடக்கே பார்த்தவர்கள் சொன்ன சேதி எல்லாம் ஒன்றாகவே இருந்தது: ஒரு ஆள் நூலைக் கையில் சுற்றிக்கொண்டே வருகிறான், நடந்து வருகிறான், கூட்ஸ் வண்டியில் ஏறி வருகிறான், சுற்றுவதை மட்டும் நிறுத்துவதில்லை. நாங்கள் தெருவைக் கூட்டிக் கோலம் போட்டோம். வரவேற்புப் பேனர் வைப்பதா என்று சண்டை வந்தது, பேனரில் போட ஆறு வயசுப் படம்தான் இருந்ததால் சண்டை நின்றது. துளசிமணி அந்த ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் கண்ணாடி கேட்டாள். பார்த்துவிட்டு, டாக்டரைக் கூட்டி வரச் சொன்னாள். டாக்டர் ஓடி வந்து, ஊசியை எடுத்து, தோலை நீவிப் பார்த்து, ஊசியைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவன் வந்தான். நெடுநெடுவென்று உயரம், தடித்த மீசை, நீலச் சட்டை, இடுப்பில் இடுக்கிய பரங்கிக்காய் அளவு நூல் உருண்டை. உருண்டையிலிருந்து துளசிமணியின் கண்ணோரத்துக்கு நூல் இரண்டு முழம்தான் மிச்சம். அவன் அவளைப் பார்த்தான். தெரிந்த முகத்தைப் பார்க்கிற பார்வை இல்லை அது. நாங்கள் எதிர்பார்த்ததுதான், தொண்ணூறு வயதுக் கிழவியிடம் அவன் எதைத் தேடுவான்?

நாங்கள் எதிர்பாராதது இன்னொன்று. துளசிமணியும் அவனைப் பார்த்தாள், நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும், காதிலிருந்து காது வரைக்கும், செக்கிங்கில் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி பார்த்தாள், பார்த்துவிட்டுப் பயந்துபோய் ஆறுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அவனைத் தெரியவில்லை. அவன் கண்டுபிடிக்க வேண்டும் என்று தன் முகத்தை இருபத்துமூன்று வருஷம் காத்தவள், அவன் முகம் தனக்குத் தெரியுமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் ஸ்டேஷனில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்ற ஆயிரம் ஞாயிற்றுக்கிழமையிலும் அவள் மனசில் ஆறு வயசுப் பையன்தான் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

அவன் இந்தியில் பேசினான், சுனிதா நடுவில் நின்று சொன்னாள். கான்பூர் பக்கம் ஒரு மாவு மில்லில் வேலை. வளர்ந்தது அனாதை இல்லத்தில். ஒருநாள் மில்லுக்குள் நூல் வந்தது, எல்லாரையும் விட்டுவிட்டு அவன் கையை இரண்டு சுற்றுச் சுற்றியது, பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் தன் அம்மா இவர்தானா என்று தனக்குத் தெரியவில்லை, தப்பாக வந்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்றான்.

"அம்மா மொகம் ஞாபகம் இருக்குதான்னு கேளு," என்றாள் துளசிமணி.

சுனிதா கேட்டாள். அவன் தலையை ஆட்டினான், நிறையச் சொன்னான். சுனிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லு சுனிதா."

"மொகம் பாக்கவே இல்லயாம் அக்கா. ரயில் போகுது, ஒரு பொம்பள பக்கத்துல ஓடி வருது. குளிச்ச முடியாம், கட்டல. காத்துல அத்தன முடியும் மொகத்து மேல விழுந்து கெடந்துச்சாம். வாயத் தொறந்துக்கிட்டு ஓடி வந்துச்சாம். அவனுக்கு அதுதான் தெரியும். மொகம் தெரியாதாம்."

கற்றாழையும் களிம்பும் ஊசியும் நூலும், அவன் பார்த்தேயிராத ஒரு முகத்துக்காக. துளசிமணி அழுவாள் என்று சுனிதா தோளைப் பிடித்தாள். துளசிமணி அந்தக் கையை எடுத்துவிட்டு, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இவத்தயே நிக்கச் சொல்லு அவன," என்றாள், அவன் நின்ற இடத்தைக் காட்டி.

வழி விட்டோம். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தெருக்கோடி வரைக்கும் நடந்தாள், நூல் உருண்டையிலிருந்து உருவி அவளோடு போனது. கோடியில் நின்று திரும்பினாள், கொண்டையை அவிழ்த்தாள், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள், ஓடி வர ஆரம்பித்தாள். முட்டி மடங்காத கால், வளைந்த முதுகு, அதை ஓட்டம் என்று வேறு ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு தரம் தடுமாறினாள், ஆறுச்சாமி ஐயோ என்று கத்தினார், அவள் நிற்கவில்லை. வாய் திறந்திருந்தது, நரைத்த முடி அத்தனையும் காற்றில் வந்து முகத்தின் மேல் விழுந்தது, கண்ணோரமும் சுருக்கமும் வயதும் எதுவும் வெளியே தெரியவில்லை, ஒருத்தி ஓடி வருவது மட்டும்தான் தெரிந்தது.

நீலச் சட்டைக்காரன் கையிலிருந்து உருண்டை விழுந்தது. அவன் உதடு கோணியது, பக்கத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தான், ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அந்த ஆள் ஆறு வயசுக் குரலில் தெருவே அதிரக் கத்தினான்:

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க! எங்கம்மா வருது, வண்டிய நிறுத்துங்க!"

தெருவில் வந்துகொண்டிருந்த பைக்குகளும், துணி மூட்டை ஏற்றிய டெம்போவும், பின்னால் தண்ணி லாரியும் நின்றன. துளசிமணி மட்டும் நிற்காமல் ஓடி வந்தாள்.